டயரில் காற்றும் வண்டியின் பாரமும்

விளைந்த பொருளைப் பழுதின்றிச் சந்தை சேர்ப்பதும் வேளாண்மையில் ஒரு பகுதியேயாகும். முற்காலத்தில் இவ்வேலையைக் கட்டை வண்டியும் எருதுகளும் செய்து வந்தன. இக்காலத்திலோ கார், ஜீப்பு, சிறு சரக்கு வண்டி, டிராக்டர் டிரெய்லர், மோட்டார் சைக்கிள் ஆகியவை குடியானவர் வீட்டு வாயிலில் நிற்கின்றன. 1999-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 14-ஆம் தேதி மதுரையில் முதலாவது உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் மற்ற ஊர்களிலும் இத்தகைய சந்தைகள் ஏற்பட்டபடியால், தம் காய்கறிகளைத் தாமே ஏற்றிச் சென்று விற்கும் குடியானவர் அநேகர். இவர்களில் பெரும்பாலோர் வண்டியின் எஞ்சினையும் எண்ணெயையும் கவனிப்பதுபோல், அதன் டயர்களிலுள்ள காற்றைக் கவனிப்பதில்லை. பாரம் ஏறும் நாளிலும் ஏறாத நாளிலும் ஒரே அளவாகக் காற்றை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுகின்றனர். விடியற்காலையில் சந்தைக்கு விரைந்து செல்லும் வண்டியின் பின்சக்கரம் வழியில் வெடிக்குமாயின், அன்றையச் சரக்கு மாத்திரமன்று, வண்டியில் உள்ளோரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகும். இவ்வாபத்தில் பெரும்பகுதி சிறிது கவனத்தினால் தடுக்கக்கூடியதே.

பாரத்தைத் தாங்குவது எது?

வண்டியின் பாரத்தை ரப்பர் தாங்குகிறதென்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் ரப்பரும் அதனுள் பதித்த நூலும் கம்பியும் காற்றை அடைத்து வைக்கும் பையேயாம். பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது உள்ளிருக்கும் காற்று. 1888-ஆம் வருஷத்தில் பெல்பாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை வைத்தியர், தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டி கல் பாவிய தெருவில் அதிராமல் ஓடும்பொருட்டுக் காற்றடைத்த ரப்பர் வளையத்தைச் சக்கரத்தில் பூட்டினார். அன்று முதல் இன்றுவரை சக்கரத்தின் வேலை மாறவில்லை. காற்றே மெத்தையாகவும் சுமைதாங்கியாகவும் இருந்து வருகின்றது.

காற்றின் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்று கணக்கிடப்படும். காற்றடிக்கும் கடைகளில் வெறுமே ‘முப்பது’, ‘முப்பத்துமூன்று’ என்று சொல்வது இந்த அளவையே குறிக்கும். ஒரு கிலோ சுமார் 2.2 ராத்தலாகும். ஒரு சக்கரத்தின்மேல் 330 கிலோ, அதாவது 726 ராத்தல் பாரம் இருப்பதாகவும், உள்ளே காற்று 33 ராத்தல் இருப்பதாகவும் கொள்வோம். 726-ஐ 33-ஆல் வகுக்க 22 ஆகிறது. ஆகவே அந்த டயர் ஏறக்குறைய 22 சதுர அங்குல இடம் தரையில் படியும்படி அமுங்கி நிற்கும். அதே சக்கரத்தின்மேல் பாரம் 450 கிலோவாக உயர்ந்தால், காற்றை மாற்றாதவிடத்து 30 சதுர அங்குலம் தரையில் படியவேண்டும். அவ்வளவு படிவதற்கு டயரின் பக்கங்கள் முன்னிலும் அதிகமாக மடங்கவேண்டும். காற்றை 40 ராத்தலுக்கு உயர்த்தினால் படியும் இடம் சுமார் 25 சதுர அங்குலமாகக் குறைந்து, பக்கங்களின் மடக்கமும் குறையும். டயரின் சுவரும் சிறிது பாரத்தைத் தாங்குமாதலால் இக்கணக்கு நுட்பமானதன்று. எனினும் பாரம் ஏறும்போது காற்றும் ஏறவேண்டியதன் காரணத்தை இது விளக்கும்.

இவ்விடத்தில் ஒரு விஷயம் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. பாரம் ஏற்றினால் டயரினுள் அழுத்தம் தானே கூடிவிடும் என்று சிலர் கருதுவர். அது சரியன்று. டயர் அமுங்கும்போது அதனுள் இருக்கும் இடத்தின் கன அளவு மிகச் சொற்பமே குறைகிறது. ஆதலால் வெறும் வண்டியில் 33 காட்டிய அளவுமானி, மூட்டைகள் ஏற்றியபின்னும் ஏறக்குறைய அதே எண்ணையே காட்டும். பாரம் மிஞ்சிவிட்டதென்று மானி எச்சரிக்கை செய்யாது. வண்டிக்காரரே கணக்கிட்டறிய வேண்டும். ஆயினும் இதில் ஒரு சௌகரியமும் உண்டு. காற்றைப் பாரம் ஏற்றுமுன் அடித்தாலும் ஏற்றியபின் அடித்தாலும் பலன் ஒன்றே.

காற்றுக் குறைவினால் விளையும் கெடுதி

இரண்டடி விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு 500 தடவைக்கு மேல் சுழலவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பாகமும் ஒரு முறை மடங்கி மறுபடியும் நிமிர்கிறது. ஒரு கம்பியைக் கையில் பிடித்துப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் வளைந்த இடம் சுடுவதை யாவரும் அறிவர். டயரிலும் அவ்வாறே நிகழ்கிறது. காற்றுக் குறைவும் அதிக பாரமும் சேர்ந்தால் மடக்கம் பெரிதாகும். மடக்கம் பெரிதானால் சூடு மிகும். சூடு மிக மிக ரப்பருக்கும் உள்ளிருக்கும் நூலுக்கும் உள்ள பிடிப்புத் தளரும். கடைசியில் மேற்பட்டை பிரிந்தோ, பக்கச் சுவர் கிழிந்தோ டயர் வெடித்துவிடும்.

இந்தக் கெடுதி வெளியில் தெரியாமலே வளர்வதால் அதிக அபாயமுடையது. காற்றுக் குறைந்த டயரில் பல நாள் பாரம் ஏற்றிய பின், ஒரு நாள் சரியான காற்று அடித்துவிட்டால் முன்னே பட்ட சேதம் நீங்கிவிடாது. நல்ல சாலையில், காற்றும் சரியாயிருக்கும்போது, திடீரென்று டயர் வெடித்ததாகச் சொல்லப்படும் சம்பவங்களில் சிலவற்றுக்கு இத்தகைய பழைய சேதமே காரணமாயிருக்கும்.

இதுவன்றி, காற்றுக் குறைந்தால் டயரின் இரு ஓரங்களிலும் பட்டன் விரைவில் தேயும். திருப்பங்களில் வண்டி அசைந்தாடும். எஞ்சின் கூடுதலாக உழைக்க நேர்வதால் எண்ணெய்ச் செலவும் ஏறும்.

மிகுதியும் நன்றன்று

பாரத்துக்கென்று ஏற்றிய காற்றைப் பாரம் இறக்கியபின்னும் அப்படியே வைத்திருப்பது தவறு. வெறும் வண்டியில் காற்று மிஞ்சினால் டயரின் நடுப்பாகம் மாத்திரம் தரையில் பட்டு, அவ்விடத்துப் பட்டன் தேய்ந்துபோகும். தரையைப் பிடிக்கும் இடம் சுருங்குவதால் மழைக்காலத்தில் பிரேக்குப் போடும்போது வண்டி வழுக்கும். பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியைத் தாங்க டயரில் மெத்தை இராது. ஆகையால் திரும்பி வரும் பாதை நெடுந்தூரமாயின் சந்தையிலேயே காற்றைக் குறைத்துக்கொள்வது சிலாக்கியம். சமீபமாயின் வீடு சேர்ந்து, மறுநாட் காலையில் குறைக்கலாம்.

எவ்வளவு காற்று அடிக்கவேண்டும்?

எல்லா வண்டிகளுக்கும் பொதுவான ஒரு எண் இல்லை. ஒவ்வொரு வண்டியையும் செய்த கம்பெனியார் அதற்குரிய அளவைச் சோதித்து நிர்ணயித்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, எண்ணெய் மூடியின் உட்புறத்திலோ ஒரு சீட்டாக ஒட்டியிருப்பர். வண்டியுடன் கொடுத்த கைப்புத்தகத்திலும் அது இருக்கும். பல கார்களின் சீட்டில் இரண்டு வரிசை காணப்படும். ஒன்று, இரண்டு மூன்று பேர் ஏறும் சாதாரண நிலைக்கு. மற்றொன்று, முழுப் பாரத்துக்கு. முழுப் பாரத்தில் பின்சக்கரங்களின் எண் பெரும்பாலும் சில ராத்தல் உயர்ந்திருக்கும். பாரம் இடைத்தரமாயின் இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட அளவை வைத்துக்கொள்ளலாம். சீட்டில் ஒரே எண் இருப்பின் அதற்குக் கீழே எக்காரணத்தாலும் குறைக்கலாகாது. முழுப் பாரத்துக்குத் தனி அளவு உண்டா என்பதைக் கைப்புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய அழுத்த எண்ணைக் கண்டு, அதுவே அடிக்கவேண்டிய அளவென்று மயங்குவோரும் உண்டு. அது அந்த டயருக்குரிய மேல் எல்லையேயன்றி வண்டிக்குரிய அளவன்று. அந்த எல்லையைக் கடப்பது எந்நாளும் கூடாது.

வண்டி எவ்வளவு தாங்கும்?

காற்றைக் கூட்டிவிட்டால் எவ்வளவு பாரமும் ஏற்றலாம் என்று நினைப்பது பெரும் பிசகு. காற்றைக் கூட்டுவது, டயர் தாங்கக்கூடிய அளவு வரையில் தாங்கும்படி அதைத் தயார் செய்வதேயாகும். அந்த அளவைக் காற்றினால் உயர்த்த முடியாது. டயரின் பக்கத்தில் 185/65 ஆர் 15 88 எச் என்பதுபோல் ஒரு குறி அச்சிட்டிருக்கும். இதில் 88 என்பது பாரக் குறியெண். குறியெண் 74 ஆனால் ஒரு டயர் 375 கிலோவும், 82 ஆனால் 475 கிலோவும், 85 ஆனால் 515 கிலோவும், 88 ஆனால் 560 கிலோவும் தாங்கும். பின் அச்சில் இரண்டு டயர்கள் இருப்பதால் இவ்வெண்ணை இரட்டித்துக்கொள்ளவேண்டும். எனினும் அச்சு, ஸ்பிரிங், பிரேக்கு ஆகியவற்றுக்கும் தனி எல்லைகள் உண்டு. எல்லாவற்றிலும் எது குறைந்ததோ அதுவே வண்டியின் எல்லை.

ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். வெறும் வண்டியின் எடை 1,000 கிலோ. பாரத்துடன் இருக்கக்கூடிய மொத்த எடை 1,450 கிலோ என்று கைப்புத்தகம் சொல்வதாகக் கொள்ளலாம். மிச்சம் 450 கிலோ. ஓட்டுநர் உள்பட ஐந்து பேர், ஆளுக்கு 65 கிலோ வீதம் ஏறினால் 325 கிலோ போய்விடும். எஞ்சியது 125 கிலோவே. 75 கிலோ நெல் மூட்டை இரண்டு ஏற்றினால் அப்போதே எல்லை கடந்துவிட்டது. குடும்பத்தார் ஐவரும் ஏறிப் பின்னால் நான்கு மூட்டையும் வைத்துச் செல்லும் வண்டியானது, தாங்கக்கூடியதைவிட 175 கிலோ அதிகம் சுமந்து செல்கிறது. இந்நிலையில் காற்றை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. மூட்டைகளை இரண்டு நடையாகக் கொண்டுபோவதே தக்கது.

சரக்கு வண்டிகளுக்கு வெறும் எடையும் பாரத்துடன் கூடிய எடையும் பதிவுப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். 2019-ஆம் வருஷத்தில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், அதிகப்பட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. மிகுதிச் சரக்கை இறக்கவும் நேரும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட எடைமேடையில் நிறுத்துப் பார்ப்பது நலம். முழு வண்டியையும் ஒரு முறை நிறுத்தபின், பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி மறுமுறை நிறுத்தால் பின் அச்சின் பாரம் தெரியும். அதில் பாதியை டயரின் பாரக் குறியோடு ஒத்துப்பார்க்கலாம். ஒரு முறை இவ்வாறு செய்து, எத்தனை மூட்டைக்கு எத்தனை கிலோ என்று குறித்துவைத்துக்கொண்டால் பிறகு அடிக்கடி நிறுக்க வேண்டியதில்லை.

பாரத்தை வைக்கும் இடம்

ஒரே எடையுள்ள பாரமும் வைக்கும் இடத்துக்குத் தக்கபடி சக்கரங்களை வெவ்வேறாக அழுத்தும். ஏற்றம் இறைத்த நாட்களில் துலாவின் நுனியில் நிற்பவனுக்கும் நடுவில் நிற்பவனுக்கும் உள்ள பேதம் குடியானவர் அறிந்ததே. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இரண்டரை மீட்டர் இடைவெளியுள்ள காரில், பின் அச்சுக்கு முக்கால் மீட்டர் பின்னால் 100 கிலோ மூட்டையை வைத்தால், பின் அச்சின்மேல் 130 கிலோ ஏறுகிறது. முன் அச்சிலோ 30 கிலோ குறைகிறது. முன்புறம் இலேசாவதால் ஸ்டியரிங் பிடிப்பு இழந்து வண்டி சொற்படி கேளாது. ஆகவே கனமான மூட்டைகளைத் தாழ்வாகவும், பின் அச்சுக்கு முன்னாலும், இருபுறமும் சமனாகவும் அடுக்கி, இலேசான கூடைகளைப் பின்னால் வைக்கவேண்டும்.

எப்பொழுது அளப்பது?

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும். சீட்டில் எழுதிய எண்கள் யாவும் குளிர்ந்த டயருக்கு உரியவை. வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கவேண்டும். விடியற்காலை மிகவும் உசிதம். வெயிலில் நின்ற டயரை நிழலுக்குக் கொண்டுவந்து, ஆறியபின் அளப்பது நல்லது.

நிற்க, கோடைக்காலத்தில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும் என்று அஞ்சி, சித்திரை வைகாசியில் வழக்கத்தைவிடக் குறைவாகக் காற்று அடிக்கும் பழக்கம் பலவிடங்களில் இருக்கிறது. இது நேர்மாறான பலனைத் தரும். காலையில் 25 டிகிரி சூட்டில் 33 ராத்தல் இருந்த டயர், ஓடி 65 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் சுமார் 39 ஆகும். இந்த ஏற்றத்தைக் கம்பெனியார் முன்னமே எதிர்பார்த்துத்தான் அளவை நிர்ணயித்திருக்கின்றனர். வழியில் 39-ஐக் கண்டு பயந்து காற்றை 33-க்கு இறக்கிவிட்டால், அடுத்த நாட்காலையில் டயர் ஆறியபோது 27 ராத்தலே இருக்கும். அன்று பாரம் ஏற்றி ஓடினால் பக்கங்கள் அதிகமாய் மடங்கும். சூடு முன்னிலும் மிகும். கோடையில் டயரைக் கெடுப்பது சிறிது கூடிய காற்றன்று. குறைந்த காற்றினால் மிகும் மடக்கமே. எனவே சூடான டயரிலிருந்து காற்றை வெளிவிடுதல் ஒருபோதும் கூடாது.

காற்றுக் கடை தூரத்திலிருந்தால் ஓர் உபாயம் உண்டு. வீட்டிலேயே சொந்த மானியால் குளிர்ந்த டயரை அளந்து, எவ்வளவு குறைகிறதென்று குறித்துக்கொள்ளவேண்டும். வேண்டியது 36, இருப்பது 30 என்றால் குறைவு 6. கடையை அடையும்போது மானி 33 காட்டினால், அதனோடு 6 கூட்டி 39 அடிக்கவேண்டும். மானி ஒன்றின் விலை மிகக் குறைவு. வண்டியின் பாட்டரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்புகளும் இப்பொழுது எளிதில் கிடைக்கின்றன. அடிக்கடி சந்தைக்குப் போகும் குடியானவருக்கு இவ்விரண்டும் வீண் செலவல்ல.

நைட்ரஜன் வாயு அடித்தால் அளக்கவே வேண்டாம் என்பதும் தவறான எண்ணம். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அந்த வாயுவும் சூட்டினால் விரியும். ஓட்டை இருந்தால் கசியும்.

மற்ற வண்டிகள்

பின்னால் இரட்டைச் சக்கரமுள்ள சரக்கு வண்டிகளில், ஒரு டயரில் காற்றுக் குறைந்தால் அதன் பங்குப் பாரமும் பக்கத்து டயரின்மேல் சாய்ந்து அதையும் கெடுத்துவிடும். எட்டாத இடத்திலிருக்கிறதென்று உள் டயரை அளவாமல் விடுவது தகாது.

டிராக்டரின் பின் டயர்களில் வயல் வேலைக்குக் குறைந்த காற்றே ஏற்றது. டயர் அகன்று படிவதால் பிடிப்பு அதிகமாகும்; மண்ணும் இறுகாது. ஆனால் அதே டிராக்டர் கரும்பு டிரெய்லரை இழுத்துக்கொண்டு தார்ச் சாலையில் செல்லும்போது, கைப்புத்தகத்தில் சாலை வேலைக்குக் கண்டபடி காற்றை உயர்த்தவேண்டும். டிரெய்லர் டயர்களுக்குரிய அளவு வேறு. அதையும் தனியே பார்க்கவேண்டும்.

டயர் பூட்டிய மாட்டு வண்டியில் காற்றுக் குறைவின் கஷ்டத்தை அனுபவிப்பவை எருதுகள். கெட்டிச் சாலையில் அமுங்கிய டயரை உருட்டுவதற்கு அவை அதிகம் இழுக்கவேண்டும். வாயில்லாப் பிராணிகளாதலால் அவை முறையிடமாட்டா. வண்டிக்காரரே பார்த்துக் காற்றடிக்கக் கடமைப்பட்டவர்.

பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றும் மோட்டார் சைக்கிளுக்கும் இவ்விதி பொருந்தும். பின்சக்கரத்துக்கு ஒருவர் ஏறும்போது ஓர் அளவும், இருவர் ஏறும்போது அதனினும் கூடிய அளவும் கைப்புத்தகத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். ஓர் ஆளின் எடைக்குச் சமமான பாரம் ஏற்றும்போது இரண்டாவது அளவையே கொள்ளவேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மாதம் இருமுறையும், பாரம் ஏற்றும் ஒவ்வொரு நாட் காலையிலும், குளிர்ந்த டயரில் காற்றை அளக்கவேண்டும். ஓட்டையில்லாத டயரிலும் காற்று மெல்லக் குறையும். ஸ்டெப்னியையும் அளக்க மறக்கலாகாது.

2. வண்டியின் சீட்டில் முழுப் பாரத்துக்குக் கண்ட அளவை அடித்து, பாரம் இறங்கியபின் சாதாரண அளவுக்குத் திருப்பவேண்டும்.

3. ஆட்களின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு, எல்லைக்குள் பாரம் ஏற்றவேண்டும்.

4. பக்கச் சுவரில் புடைப்பு, வெடிப்பு அல்லது கிழிசல் கண்ட டயரிலும், பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் தேய்ந்த டயரிலும் பாரம் ஏற்றலாகாது. பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண் டயரின் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

5. வால்வு மூடியில்லாமல் வண்டியை விடக்கூடாது. புழுதி புகுந்தால் வால்வு கசியும்.

6. பாரத்துடன் போகும்போது வேகத்தைக் குறைக்கவேண்டும். வேகம் ஏற ஏறச் சூடும் ஏறும்.

மேற்கண்டவற்றுள் எதற்கும் பெருஞ் செலவில்லை. நான்கு டயரையும் அளக்க ஐந்து நிமிஷம் போதும். ஒரு வெள்ளாமைக்காலம் முழுவதும் பாடுபட்டு விளைவித்த பொருளும், அதனுடன் செல்லும் மனிதரும் பத்திரமாய்ச் சந்தை சேர்ந்து திரும்புவதற்கு அந்த ஐந்து நிமிஷத்தைக் குடியானவர் ஒவ்வொருவரும் ஒதுக்குவாராக.